இரண்டு பொட்டலம்

எங்கள் முனியப்பனிடம் பூக் கேட்பவர்கள்
கேள்வியை வாய்விட்டுச் சொல்வதில்லை.
மனசுக்குள் வைத்துக் கண்ணை மூடினால் போதும்.
வெற்றிலையில் நான் மடித்த இரண்டு பொட்டலத்தில்
ஒன்றை எடுக்க வேண்டும்.
நந்தியாவட்டை வந்தால் உத்தரவு.
செம்பருத்தி வந்தால், பொறு.
போர் போடவும் பெண் எடுக்கவும்
முத்தூர் ரோட்டில் தேங்காய்க் களம் வைக்கவும்
இப்படித்தான் கேட்டுப் போனார்கள்.

ஹவில்தார் தெய்வசிகாமணி மூன்று அமாவாசை வந்தார்.
கேன்டீன் ரம் ஒரு பாட்டில், ஒரு சுருட்டு.
பீடத்தில் வைத்துவிட்டு விறைத்து நிற்பார்,
இருபதடி சிமெண்டுச் சாமி தன் மேலதிகாரி என்பதுபோல.
மூன்று முறையும் செம்பருத்தி.
மூன்றாம் முறை சிரித்தார்:
"இன்னும் மாத்து ஆள் அனுப்ப மாட்டீங்கறாரு பாருங்க."

ரிட்டயராகி, களத்தில் கொப்பரைக்குக் காவல் இருப்பவருக்கு
என்ன மாற்று ஆள் என்று
வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது.

கோகிலவாணி வெள்ளகோவில் சந்தையில் சொன்னாள்:
"தூங்கறதே இல்லீங்க.
சோறு போட்டா ரெண்டு தட்டு கேக்கறாருங்க."
பனிமலையில் ஒரு ராத்திரி,
முறை முடியும் முன்னாலேயே வந்து
"சேட்டா, போய்ப் படுங்க" என்று இவரை மாற்றிவிட்ட
ஷிஜு என்ற பையன்.
விடிந்தபோது அந்த இடத்தில் பங்கர் இல்லை.
மலை மட்டும் இருந்தது.
ஊரில் காத்துக்கருப்பு என்றார்கள்.
திருநீறு பூசியவன் நான்தான்.
என் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாலாம் அமாவாசைக்கு
இரண்டு பொட்டலத்திலும் செம்பருத்தி மடித்தேன்.
சாமி கையெழுத்தை நானே போட்டதுபோல இருந்தது.
ஐந்தாவதுக்கும் அப்படியே.
அடுத்த வாரம் பால் கறக்கையில் கை நின்றுவிட்டது.
அவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டால்?
"போகட்டுமா" என்பதை விட்டு
"இருக்கட்டுமா" என்று கேட்டால்?

அன்று ராத்திரியே களத்துக்குப் போனேன்.
முகத்தில் டார்ச்.
"தம்! கோன் ஆத்தா ஹை?"
"நாந்தாங்க, பூசாரி."
உடைத்த தேங்காய்கள் ஏக்கர் கணக்கில்
வாய் திறந்து கிடந்தன.
சுற்றி வளைக்காமல் கேட்டேன்:
செத்துப்போயிரலாம்னு நெனைக்கறீங்களா?
அந்தக் கோயிலில் யாரும் எதையும்
அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.
நாய் எழுந்து போய் வேறிடத்தில் படுத்தது.
"ஆமாங்க" என்றார்.

பாவம், கர்மம், ஆத்மா அலையும்,
சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.
எதையும் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.
விடியும்வரை கொப்பரைக்கு இரண்டு காவல்.

ஆறு பத்து பஸ்ஸில் கோயமுத்தூர்.
மனநல டாக்டர் அறைக்கு வெளியே
அவருடைய செருப்புக்கும் கோகிலவாணியின் பைக்கும் நடுவே
ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.
திரும்பும்போது பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.
"தெரியுமுங்க. போன தடவ ரெண்டையும் பிரிச்சுப் பாத்தனுங்க."
பல்லடம் தாண்டும்வரை அப்புறம் பேசவில்லை.

சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன்.
சில ராத்திரி போன் வரும். எடுத்தால் பேசமாட்டார்.
களத்து நாய் குரைப்பது கேட்கும்.
"நாந்தாங்க, பூசாரி" என்பேன்.
கொஞ்ச நேரம் கழித்து, "செரிங்க" என்பார்.

போன அமாவாசைக்கு வந்தார். ரம் இல்லை,
டாக்டர் வேண்டாம் என்றாராம். சுருட்டு மட்டும்.
"கெடாரிய வித்துப்போடலாமான்னு கேக்கோணுமுங்க"
என்றார், வாய்விட்டே.
ரொம்ப நாள் கழித்து
ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை வைத்தேன்.
மடிக்கையில் வெற்றிலை கிழிந்தது. வேறு எடுத்தேன்.

செம்பருத்திதான் வந்தது.
கிடாரி இன்னும் அவர் கட்டுத்தரையில் நிற்கிறது.